கல்லைக் காட்டும் கண்ணாடி யார் கையில்?

பூகர்ப்ப சாஸ்திரம் என்று நம் பெரியவர்கள் சொன்ன விஞ்ஞானத்துக்கு இன்று நிலவியல் என்று பெயர். பாறை எப்படி விளைந்தது, நிலக்கரியும் சுண்ணாம்புக் கல்லும் எங்கே கிடக்கின்றன, கிணற்றில் எந்த ஆழத்தில் தண்ணீர் ஊறும் என்பதையெல்லாம் சொல்லுகிற சாஸ்திரம் அது. அதைக் கற்பிக்க இப்பொழுது ஒரு புதிய சாதனம் வந்திருக்கிறது. மாணவன் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறான். கண்ணை மூடும்படியான ஒரு பெட்டியைத் தலையில் மாட்டிக்கொள்கிறான். மறு நிமிஷம் மலைப் பள்ளத்தாக்கில் நிற்கிறான்! அண்ணாந்தால் செங்குத்தான பாறைச் சுவர். குனிந்தால் காலடியில் சரளைக் கல். திரும்பினால் பின்னால் ஓடுகிற ஆறு. இதற்கு ‘மெய்நிகர் களப்பயணம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

“இது படித்தவர்கள் சமாச்சாரம். ஆலையில் நூல் நூற்கிறவனுக்கும், வயலில் நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன வேலை?” என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது, தோழர்களே! நிறைய இருக்கிறது. உங்கள் பிள்ளை எதைப் படிக்க வேண்டும், யார் காட்டுகிறதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்காமலே போக வேண்டும் என்று முடிவு செய்கிற விவகாரம் இது. அந்த முடிவு நம்மைக் கேட்காமல் எடுக்கப்படுகிறது.

இந்த விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி வியாபாரிகளுடையது. “பெட்டியை வாங்குங்கள். இனிமேல் மலைக்குப் போக வேண்டாம், பஸ் வேண்டாம், படிச்செலவு வேண்டாம். மலையே வகுப்புக்கு வந்துவிடும்!” என்று அவர்கள் கூவுகிறார்கள். இன்னொரு கட்சி பழமைவாதிகளுடையது. “இது பொம்மலாட்டம். சுத்தியலும் வெயிலும் இல்லாமல் பூகர்ப்ப சாஸ்திரம் ஏது?” என்று அவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

இரண்டையும் நாம் ஏற்கவில்லை. முதல் கட்சி சொல்வது பொய். இரண்டாவது கட்சி சொல்வது பாதி உண்மை. ஆனால் அந்தப் பாதி உண்மையும் களத்துக்குப் போக வசதியுள்ளவன் வாயிலிருந்து வருகிறது. மெய்நிகர் பயணம் வேண்டுமா, வேண்டாமா என்று வாதாடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதை யார் கட்டுகிறார்கள்? யாருக்குச் சொந்தம்? அதில் யார் பேசுகிறார்கள்? யார் வாய் அடைக்கப்பட்டிருக்கிறது? இவைதாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

கல்லின் கதை உழைப்பாளியின் கதை

இந்தச் சாஸ்திரம் பல்கலைக்கழகத்தின் மாடியில் பிறந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். சுரங்கத்தின் குழியிலும் கால்வாயின் கரையிலும் பிறந்தது அது.

இங்கிலாந்தில் வில்லியம் ஸ்மித் என்று ஒருவர் இருந்தார். 1769ல் பிறந்தவர், கொல்லர் மகன், நிலம் அளக்கிற வேலை செய்தவர். சாமர்செட் வட்டாரத்து நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கினார். அங்கே வெட்டிய கால்வாய்க்கு அளவு எடுத்தார். பாறை அடுக்குகள் ஒரே வரிசையில் வருவதையும், ஒவ்வொரு அடுக்கிலும் கல்லாய்ச் சமைந்த சிப்பியும் சங்கும் வேறு வேறாக இருப்பதையும் கண்டார். எந்த அடுக்குக்குக் கீழே எந்த அடுக்கு வரும் என்பது சுரங்கத் தொழிலாளிகளுக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம். அந்த அனுபவத்தின் மேல்தான் அவர் தம் ஆராய்ச்சியைக் கட்டினார். 1815ல் இங்கிலாந்து முழுமைக்கும் பாறைப் படம் வெளியிட்டார். கிடைத்த கைம்மாறு என்ன? சீமான்கள் நடத்திய நிலவியல் சங்கம் போட்டிப் படம் தயாரித்தது. 1819ல் ஸ்மித் கடன்காரர் சிறைக்குப் போனார்!

நம் ஊர்க் கதை இதைவிட வேடிக்கையானது. சென்னைக்கு அருகே பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கருநீலச் சாயல் கொண்ட கடும்பாறை இருக்கிறது. உலகத்துப் பாடப் புத்தகங்கள் எல்லாம் அதைச் ‘சார்னோக்கைட்’ என்று சொல்கின்றன. பெயர் எப்படி வந்தது? கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏஜெண்டாகக் கல்கத்தாவில் இருந்த ஜாப் சார்னோக் என்ற வியாபாரியின் கல்லறையின் மேல் கிடந்த பலகை இந்தக் கல்தான். 1893ல் தாமஸ் ஹாலண்டு என்ற வெள்ளைக்கார நிலவியலார் அதை ஆராய்ந்து, கல்லுக்கு அந்த வியாபாரியின் பெயரையே சூட்டினார். பாறையைப் பிளந்தவன் பெயர் என்ன? அதைச் செதுக்கியவன் யார்? கப்பலில் ஏற்றியவன் யார்? சரித்திரத்தில் ஒரு வரி கிடையாது. கல்லின் அடியில் படுத்திருந்தவன் பெயர் மட்டும் உலகம் முழுதும் ஒலிக்கிறது!

மெய்நிகர் களப்பயணத்திலும் இதே அநியாயம் நடக்கலாம் என்பதால்தான் இந்தக் கதையைச் சொல்கிறோம்.

களத்துக்குப் போனவர் யார்? போகாதவர் யார்?

நிலவியல் படிக்கிற மாணவன் களத்துக்குப் போயே ஆக வேண்டும். பாறை அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது, எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று திசைகாட்டி வைத்து அளக்க வேண்டும். சுத்தியலால் உடைத்துப் புதுமுகம் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு அமிலம் விட்டு, நுரைத்தால் சுண்ணாம்புக் கல் என்று அறிய வேண்டும். எட்டு மணி நேரம் நடந்து, நோட்டுப் புத்தகத்தில் படம் வரைய வேண்டும். இதெல்லாம் உண்மை.

ஆனால் யாருக்குக் கிடைத்தது இந்தப் பாக்கியம்? பஸ் கட்டணமும் தங்கும் செலவும் கொடுக்க முடிந்தவனுக்குக் கிடைத்தது. வேலை நாளை இழந்தாலும் அடுப்பு எரியும் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது. கால் ஊனமுற்ற மாணவன் மலையேற முடியாமல் அடிவாரத்தில் உட்கார்ந்தான். “நாலு நாள் வெளியூரில் தங்குவதா?” என்று வீட்டார் மறுக்க, பெண்பிள்ளை வகுப்போடு நின்றாள். இங்கிலாந்தில் லைம் ரீஜிஸ் கடற்கரையில் இராட்சதக் கடல் விலங்குகளின் எலும்புக்கூடுகளைப் பாறையிலிருந்து பெயர்த்தெடுத்த மேரி ஆனிங் ஒரு தச்சரின் மகள். அவர் 1847ல் இறந்தார். லண்டன் நிலவியல் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1919ல்! களம் எல்லோருக்கும் திறந்தே இருந்தது போல் பேசுகிற பழமைவாதிகள் இந்தக் கணக்கை மறைக்கிறார்கள்.

2020ல் கொரோனா நோய் பரவியபோது உலகெங்கும் களப்பயணம் நின்றது. அப்பொழுதுதான் பல கல்லூரிகள் அவசர அவசரமாக மெய்நிகர் பயணத்தைத் தேடின. ஆனால் அதற்கு முன்பே பொறுப்போடு கட்டியவர்கள் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு வீட்டிலிருந்து பாடம் நடத்துகிற பிரிட்டிஷ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வட இங்கிலாந்தின் ஸ்கிடா மலைப் பகுதியைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி மாணவர்களை உலவவிட்டது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைப் படம் பிடித்துப் பாடமாக்கியது. வடதுருவத்தின் பக்கம் ஸ்வால்பார்டில், நிலக்கரிச் சுரங்கத்துக்காகவே உண்டான லாங்கியர்பியன் என்ற ஊர் இருக்கிறது. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. அந்த இருட்டில் எந்தப் பாறையைப் போய்ப் பார்ப்பது? வெளிச்சக் காலத்தில் பாறைகளைப் படமெடுத்து, இருட்டுக் காலத்தில் அங்குள்ள பல்கலைக்கழக மையம் பாடம் நடத்துகிறது. தேவையிலிருந்து பிறந்த கருவியைப் பொம்மை என்று இகழ்வது அறிவுடைமை ஆகாது.

மந்திரம் இல்லை, உழைப்பு!

இந்தச் சாதனம் எப்படிக் கட்டப்படுகிறது? ஆலைத் தொழிலாளிக்கு யந்திரத்தின் வயிற்றைத் திறந்து காட்டினால்தான் திருப்தி. திறந்து காட்டுவோம்.

சுற்றிலும் ஒரே நேரத்தில் படமெடுக்கிற காமிராவை நடுவில் நிறுத்தி முழு வட்டப் படம் எடுப்பது ஒரு வகை. அதில் நின்ற இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் பார்க்கலாம், நடக்க முடியாது. இரண்டாவது வகை பாறையையே உருவமாகக் கட்டுவது. கையில் காமிராவோடு நடந்தும், ஆளில்லாச் சிறு விமானத்தைப் பறக்கவிட்டும், ஒரே பாறையை நூற்றுக்கணக்கான கோணங்களில் படமெடுக்கிறார்கள். ஓடு வேய்கிறபோது ஒரு ஓட்டின் மேல் அடுத்த ஓடு ஏறி உட்காருவது போல, ஒவ்வொரு படமும் அடுத்த படத்தின் பெரும் பகுதியை மூடியிருக்க வேண்டும். இரண்டு படங்களிலும் தெரிகிற ஒரே புள்ளியைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது. அப்படி லட்சக்கணக்கான புள்ளிகள் சேர்கின்றன. புள்ளிகளை வலையாகப் பின்னி, வலையின் மேல் படத்தைப் போர்த்தினால் பாறை எழுந்து நிற்கிறது.

ஆனால் அளவுகோல் ஒன்றைப் பாறையோடு சேர்த்துப் படமெடுக்காவிட்டால், உருவம் இருக்கும், அளவு இருக்காது. நிலத்தில் குறிகள் வைத்து, அவற்றின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் கருவியால் சரியாகக் குறிக்காவிட்டால் வடக்கு எது, சாய்வு எவ்வளவு என்பதெல்லாம் தவறிவிடும். அதில் அளந்து படிக்கிற மாணவன் பொய்யைப் படிப்பான். பிறகு அந்தப் பாறையின் துண்டை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்த்த படத்தையும் அதனோடு இணைக்க வேண்டும். எந்த இடத்தில் நிற்கவைப்பது, எந்தக் கேள்வி கேட்பது, தவறான பதிலுக்கு என்ன வழி காட்டுவது என்று ஆசிரியர் யோசித்துக் கோக்க வேண்டும்.

ஆக, வெயிலில் காமிரா தூக்கினவன், குறி நட்டவன், பாறை தேய்த்தவன், பாடம் எழுதினவன், நிரல் எழுதினவன் என்று பலருடைய உழைப்பு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டியின் மின்கலத்துக்கு வேண்டிய கோபால்ட் என்ற உலோகத்தில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் வெட்டப்படுகிறது. பாறையைக் காட்டுகிற கருவியும் பாறையிலிருந்து, சுரங்கத் தொழிலாளியின் கையிலிருந்துதான் வருகிறது!

கம்பெனி தந்த தானம்

இத்தனை பேர் உழைத்துக் கட்டியது கடைசியில் யார் கையில் இருக்கிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. நடந்த கதையைச் சொல்கிறோம், கேளுங்கள்.

கூகுள் கம்பெனி 2014ல் அட்டையால் செய்த மலிவான கண்ணாடிப் பெட்டியைக் காட்டியது. கைப்பேசியை உள்ளே வைத்தால் போதும். 2015ல் ‘எக்ஸ்பெடிஷன்ஸ்’ என்ற பெயரில் பள்ளிக்கூடங்களுக்கு மெய்நிகர் பயணங்களை அறிவித்தது. காசு இல்லை! கம்பெனியின் தர்ம சிந்தையைப் பாராட்டாதார் இல்லை. 2018ல் ஆசிரியர்களே சொந்தப் பயணங்களைக் கட்டிக்கொள்ள ஒரு கருவியும் தந்தது. ஆசிரியர்கள் உட்கார்ந்து கட்டினார்கள்.

பிறகு என்ன நடந்தது? 2021 ஜூன் 30ல் கடை அடைத்தார்கள். பயணச் செயலியும் மூடல். ஆசிரியர்கள் கட்டுகிற கருவியும் மூடல். உருவங்களைச் சேர்த்து வைத்திருந்த ‘பாலி’ என்ற களஞ்சியமும் அதே நாளில் மூடல்! முன்கூட்டியே அறிவித்தார்கள், கோப்புகளை இறக்கிக்கொள்ள அவகாசம் தந்தார்கள், சில பயணங்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். இவை உண்மை. ஆனால் ஓடுவதற்குத் தறி இல்லாமல் நூலை மட்டும் மூட்டை கட்டிக் கொடுத்தால் நெசவாளி என்ன செய்வான்? மூடலாமா என்று எந்த ஆசிரியரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. ஏனென்றால் சொத்து அவர்களுடையது.

இன்னொரு கதை. ஃபேஸ்புக் கம்பெனி 2014ல் சுமார் 200 கோடி டாலர் கொடுத்து ‘ஆக்குலஸ்’ என்ற தலைப்பெட்டிக் கம்பெனியை வாங்கியது. 2020 அக்டோபர் முதல், அந்தப் பெட்டியைப் புதிதாகப் பயன்படுத்துகிறவர் ஃபேஸ்புக் கணக்கு வைத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. பாறை பார்க்க வந்த மாணவன் தன் பெயரையும் முகவரியையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும்! கண்டனம் எழுந்தது. 2022ல் அந்த நிபந்தனையை விலக்கினார்கள். கண்டனம் எழுந்ததால் விலகிற்று என்பதை நாம் மறக்கக் கூடாது.

இது நமக்குப் புதிதா? 1840களில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் பொறுக்கிய கல்லுருவச் சங்குகளையும் சிப்பிகளையும் வெள்ளைக்கார அதிகாரிகள் லண்டன் நிலவியல் சங்கத்துக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அங்கே உட்கார்ந்து அவற்றுக்குப் பெயர் சூட்டினார். நம் மண்ணின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள நாம் லண்டன் போக வேண்டியிருந்தது. அன்று கல் கப்பலேறிப் போயிற்று. இன்று கல் இங்கேயே கிடக்கும். அதன் உருவம் கம்பெனியின் கிடங்குக்குப் போகும். நாளை நம் ஊர்ப் பாறையை நம் பிள்ளைகளுக்குக் காட்ட நாமே வாடகை கொடுக்கலாம்!

அரியலூரின் பாடம்

சரி, நமக்கு இந்தச் சாதனம் எதற்கு? அரியலூரைப் பாருங்கள். அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது. சுமார் 11 கோடி ஆண்டுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டு வரைக்குமான சரித்திரம் அங்கே அடுக்கு அடுக்காக எழுதியிருக்கிறது. ஆட்டுக் கொம்பு போல் சுருண்ட அம்மோனைட் சங்குகள் அங்கே கிடைக்கின்றன. பூஜை அறையில் சாளக்கிராமம் என்று வைத்துக் கும்பிடுகிற கல்லும் இமயத்தில் கிடைக்கிற அதே இனத்துச் சங்குதான். சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு மரம் கல்லாய்க் கிடக்கிறது. நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940ல் அதை உலகுக்கு அறிவித்தார்.

கல்லமேடு என்ற கிராமத்துப் பக்கம் ஒரு டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்று பதிவு செய்தார்கள். ப்ருஹத்காயோசாரஸ் என்று 1980களின் இறுதியில் பெயரிட்டார்கள். பூமியில் நடமாடிய மிகப் பெரிய பிராணிகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ‘இருந்திருக்கலாம்’ என்றுதான் சொல்ல முடியும். ஏனென்றால் அந்த எலும்புகள் நொறுங்கிப் பொடியாகிவிட்டன! இன்று கையில் எலும்பு இல்லை. கோட்டுப் படமும் பழைய புகைப்படங்களும்தான் மிச்சம். உலகத்து விஞ்ஞானிகள் இன்றைக்கும் அதைப் பற்றி வாதாடுகிறார்கள், சரிபார்க்க வழியில்லை.

எலும்பு மண்ணில் கிடந்தபோதே நாம் மேலே சொன்ன முறையில் அதை உருவமாகப் பதிந்திருந்தால்? அன்று அந்தக் கருவி கைவசம் இல்லை. இன்று இருக்கிறது. அதே வட்டாரத்தில் இன்று சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டுகிறார்கள். வெடி வைக்கிற ஒவ்வொரு முறையும் கோடிக்கணக்கான ஆண்டின் ஒரு பக்கம் கிழிந்து சூளைக்குப் போகிறது. சுரங்கம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை; ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் சோறு அது. கிழிக்கும் முன் படித்துப் பதிந்து வை என்கிறோம். இப்படிப்பட்ட இடங்களைக் காக்க 2022 டிசம்பரில் மத்திய சர்க்கார் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டு அபிப்பிராயம் கேட்டது. மசோதா கடுதாசியில் இருக்கும். வெடி தினம் தினம் வெடிக்கும்!

“பெட்டி இருக்கிறதே, பயணம் எதற்கு?”

இப்பொழுது வியாபாரிகளின் இரண்டாவது பொய்யைப் பார்ப்போம். மெய்நிகர் பயணம் இருந்தால் மெய்ப் பயணம் தேவையில்லை என்கிறார்கள். செலவைக் குறைக்கக் காரணம் தேடுகிற நிர்வாகத்துக்கு இது கரும்பு தின்னக் கூலி!

பெட்டிக்குள் இருக்கிற பாறைக்குக் கனம் இல்லை. உடைத்தால் உடையாது. அமிலம் விட்டால் நுரைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே பார்ப்பது என்று வேறொருவன் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டான். காமிரா போகாத இடத்துக்கு மாணவன் போக முடியாது. படம் பிடித்தவன் கவனிக்காததை அவன் கண்டுபிடிக்கவும் முடியாது. பரந்த வெளியில் நின்று, எந்தப் பாறையிடம் போவது என்று தானே திகைத்து, தானே முடிவு செய்வதுதான் களத்தின் பயிற்சி. சைக்கிளின் படத்தைப் பார்த்துச் சைக்கிள் விடப் பழகினவன் உண்டா?

அப்படியானால் இதற்கு என்ன உபயோகம்? போவதற்கு முன் பார்த்துத் தயாராகலாம். போன இடத்தில் நேரம் வீணாகாது. வந்த பிறகு திரும்பவும் பார்த்துச் சந்தேகம் தீரலாம். போகவே முடியாத இடத்தைப் பார்க்கலாம்: கிராண்ட் கேன்யனுக்கு அரியலூர்ப் பிள்ளை எப்படிப் போவான்? அங்கே 170 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட உருமாறிய பாறையின் மேல் சுமார் 50 கோடி ஆண்டு வயதுள்ள மணற்கல் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. நடுவே நூறு கோடி ஆண்டுக்கு மேல் பக்கம் காணாமற் போயிருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்கட்டும். மலையேற முடியாத மாணவனும் மற்றவர்களோடு சரிசமமாக அளந்து படிக்கட்டும். இதெல்லாம் களத்தோடு சேர்ந்த துணை; களத்துக்குப் பதில் ஆகாது.

படத்தில் இல்லாதவர்

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். மெய்நிகர் பயணம் கட்டுகிறவர்கள் அழகான பாறையைத் தேடுகிறார்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் படமெடுக்கிறார்கள். கல்குவாரியைக் காட்டினாலும் வெட்டு முகத்தைக் காட்டுகிறார்கள், வெட்டினவனைக் காட்டுவதில்லை.

கிணறு வெட்டுகிற விவசாயத் தொழிலாளியைக் கேளுங்கள். மேலே கரிசல், அதற்குக் கீழே சுக்கான், அப்புறம் மக்கிய பாறை, அதன் கீழே கடும்பாறை, இன்ன இடத்தில் ஊற்றுக்கண் என்று விரல் விட்டுச் சொல்வார். குவாரித் தொழிலாளி கல்லின் ரேகை பார்த்து, எந்தப் பக்கம் ஆப்பு அடித்தால் நேராகப் பிளக்கும் என்று சொல்வார். இது விஞ்ஞானம் இல்லையா? வில்லியம் ஸ்மித் கற்றுக்கொண்டது இவர்களைப் போன்றவர்களிடம்தானே! இவர்கள் குரல் அந்தப் பாடத்தில் ஒலிக்கட்டும்.

தூசியையும் காட்டட்டும். படிகக்கல் நிறைந்த பாறையை உடைக்கிறபோது எழுகிற நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். எந்தப் பாறையில் அந்த ஆபத்து அதிகம் என்று தெரிவது நிலவியல் அறிவு. அது மாணவனுக்கு மதிப்பெண், தொழிலாளிக்கு உயிர். ஒரு புதிய சுரங்கம் வருகிறபோது சட்டப்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறார்கள். கம்பெனிக்காரன் வண்ணப் படமும் நிபுணரும் கொண்டு வருகிறான். “உங்கள் கிணறு வற்றாது” என்கிறான். அங்கே எழுந்து நின்று, “இந்த அடுக்கு இந்தப் பக்கம் சாய்கிறது, தண்ணீர் உன் குழிக்குத்தான் வரும்!” என்று பதில் சொல்ல நம்மில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இதற்குத்தான் இந்தப் படிப்பு நமக்கு வேண்டும் என்கிறோம்.

நாம் கேட்பது என்ன?

“கிராமத்தில் கம்ப்யூட்டர் ஏது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2017-18ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, கிராமத்துக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் இருந்தவை நூற்றுக்கு 4.4, இணைய வசதி இருந்தவை 14.9. அதற்குப் பிறகு கைப்பேசி பரவியிருக்கிறது. ஆனால் விலை உயர்ந்த தலைப்பெட்டி ஏழை வீட்டுக்குள் வந்துவிடவில்லை. வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம்:

1. மக்கள் வரிப்பணத்தில் கட்டப்படுகிற மெய்நிகர் பயணம் மக்கள் சொத்தாக இருக்க வேண்டும். எந்தக் கம்பெனியின் கருவியிலும் திறக்கக்கூடிய பொதுவான கோப்பு வடிவில், அரசுப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் மூலப்படங்களோடு அதை வைத்துக் காக்க வேண்டும்.

2. சாதாரணக் கைப்பேசியிலும் பள்ளிக் கம்ப்யூட்டரிலும், இணையம் இல்லாத இடத்திலும் அது ஓட வேண்டும். பள்ளிக்கூடம், கிராம நூலகம், சங்க அலுவலகம் எங்கும் போட்டுக் காட்ட உரிமை வேண்டும்.

3. பாடம் தமிழில் இருக்க வேண்டும். கிணறு வெட்டுகிறவரும் கல் உடைக்கிறவரும் வழங்குகிற சொற்கள் அதில் இடம்பெற வேண்டும். அவர்கள் பேச்சையும் திறமையையும் பதிவு செய்தால் கூலி கொடுக்க வேண்டும். பெயர் போட வேண்டும்.

4. மெய்நிகர் பயணத்தைக் காரணம் காட்டி ஒரு களப்பயணத்தைக்கூட வெட்டக் கூடாது. ஏழை மாணவனின் பஸ் கட்டணத்தையும் தங்கும் செலவையும் சர்க்கார் ஏற்க வேண்டும். உடல் ஊனமுற்றவர்க்கும் பெண்களுக்கும் களத்தில் வேண்டிய வசதி செய்ய வேண்டும்.

5. அரியலூர் போன்ற இடங்களில் புதிய வெட்டு முகம் திறக்கிறபோதெல்லாம் படமெடுத்து உருவமாகப் பதிந்த பிறகே வெடி வைக்க வேண்டும். செலவு சுரங்கம் நடத்துகிறவருடையது.

6. பயணத்தைப் பார்க்க வருகிற மாணவனிடம் பெயரும் ஊரும் பறிக்கிற எந்தக் கம்பெனிக் கணக்கும் நிபந்தனையாக இருக்கக் கூடாது.

இவற்றில் எது பேராசை? எது நடக்காத காரியம்? காமிரா இருக்கிறது, கருவி இருக்கிறது, படித்த இளைஞர்கள் வேலையில்லாமல் இருக்கிறார்கள், பாறை கண் முன்னே இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று: கேட்கிற குரல்.

ஆகவே தோழர்களே, உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் இந்தக் கோரிக்கைகளை எழுப்புங்கள். ஆசிரியர்களோடு பேசுங்கள், அவர்களில் பெரும்பாலோர் நம் பக்கம் நிற்பார்கள். கிராம சபையில் எழுந்து, நம் ஊர்ப் பாறையின் படம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். மாணவர்கள் காமிராவோடு உங்கள் குவாரிக்கும் கிணற்றுக்கும் வந்தால் ஒதுங்கி நிற்காதீர்கள். முன்னால் வந்து, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். பல்லாவரத்துக் கல்லில் எழுதாமல் விட்ட பெயரை இந்தப் பாடத்திலாவது எழுத வைப்போம்!